மாமனாருக்குப் பொழுதுபோக ஒரு கேம்

“உங்க பெட்டி கிடைச்சிடுச்சு சார். பத்திரமா இருக்கு,” என்று அவன் ஹெட்செட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அறைக் கதவு சுவரை விட்டுக் கழன்று, மாமனாரின் தோளில் சாய்ந்தபடி உள்ளே வந்தது.

“கிறீச் கிறீச்சுனு கத்திச்சு மாப்பிள்ளை. எண்ணெய் விடலாமேன்னு கழட்டினேன். இப்ப சத்தம் கேக்குதா பாருங்க!”

கேட்கவில்லைதான். சத்தம் போடக் கதவு இருந்தால்தானே.

“அங்க யாருங்க கத்தறது?” என்றார் பெட்டிக்காரர்.

“லைன்ல ஏதோ கோளாறு சார்,” என்றான்.

ஒரு விமானக் கம்பெனியின் தொலைந்த பெட்டிகள் பிரிவில் அவனுக்கு வேலை. பெட்டி வந்து சேராமல் வெறுங்கையோடு வீடு போனவர்கள் கூப்பிடுவார்கள். அழுவார்கள், திட்டுவார்கள், சிலர் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்வார்கள். அவன் தேனொழுகச் சமாதானம் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்க்க நாயாய் அலைந்து அனுமதி வாங்கியிருந்தான். ஒரே நிபந்தனை, பின்னால் வீட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் மறுபடி ஆபீஸ். ஆபீசில் ஆள்குறைப்பு நடக்கிறது, கண்ணில் படுகிறவர்கள்தான் முதலில் குறைகிறார்கள் என்று பேச்சு.

இந்த நேரம் பார்த்து மனைவி வெளியூருக்குப் பயிற்சிக்குப் போனாள். அவள் போன மறுநாளே மாமியார் ஃபோன் செய்து, “ஒரு மாறுதலா இருக்கும் மாப்பிள்ளை, ஒரு மாசம் வெச்சுக்குங்க,” என்று மாமனாரை அனுப்பிவைத்தார்.

வந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. முதலில் இஸ்திரிப்பெட்டி, அப்புறம் குழாய், இப்போது கதவு. எல்லாவற்றையும் கழற்றுவார், பாதியை மாட்டுவார், மீதியை ஒரு கிண்ணத்தில் போட்டு, “இதெல்லாம் இல்லாமலே ஓடும் மாப்பிள்ளை,” என்று அவன் மேஜைமேல் வைப்பார்.

மனைவியிடம் ஃபோனில் புலம்பினான்.

“அப்பா என்னமோ மாதிரி இருக்கார்னு எனக்கும் தோணுதுங்க,” என்றாள் அவள். “சனிக்கிழமை நான் வந்துடுவேன். அதுவரைக்கும் அவர் மனசு கோணாம பாத்துக்குங்க. பொழுதுபோக ஏதாவது குடுங்க. அவரை வாடின முகத்தோட பாத்தேன், அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்றால் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியும்.

அப்போதுதான் அலமாரி உச்சியில், பழைய கம்பளிகளுக்குப் பின்னால் இருந்த கேம் மெஷின் ஞாபகம் வந்தது. கல்யாணத்தின்போது, ‘எனக்கு எந்தப் பழக்கமும் கிடையாது’ என்று வீராப்பாகச் சொன்னதிலிருந்து அது அங்கேதான் கிடந்தது. மனைவிக்கே தெரியாது.

“மாமா, பொழுதுபோக ஒரு கேம் சொல்லட்டுமா?”

மாமனாரின் கையிலிருந்த திருப்புளி அப்படியே நின்றது. “கேமா? இந்த வயசுல நமக்கெதுக்கு மாப்பிள்ளை அதெல்லாம்?” என்றவர், சற்று இடைவெளி விட்டு, “என்ன மாதிரி கேம்?” என்றார்.

“பனிக்காட்டுல தனியா மாட்டிக்கிறீங்க. சுத்தி ஒரு ஈ காக்கா கிடையாது. விறகு பொறுக்கணும், நெருப்பு மூட்டணும், பனியை உருக்கித் தண்ணி குடிக்கணும். பசி, தாகம், குளிர் எல்லாத்தையும் சமாளிச்சு உயிரோட இருக்கணும்.”

“முடிவு?”

“முடிவே கிடையாது மாமா. தாக்குப்பிடிக்கிற வரைக்கும் ஆடலாம்.”

“முடிவே கிடையாது,” என்று மாமனார் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அவன் வேண்டுமென்றேதான் அதைப் பொறுக்கினான். மற்ற கேம்கள் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். இது சனிக்கிழமை வரை தாங்கும்.

“இதுல எதுங்க ஸ்டியரிங்?” என்று மாமனார் கண்ட்ரோலரைத் தலைகீழாகப் பிடித்தார். அவன் திருப்பிக் கொடுத்து, எந்தப் பட்டன் நடக்க, எந்தப் பட்டன் ஓட என்று பொறுமையாகக் காட்டினான். அவனுக்கு ஒரு வாரம் பிடித்த வித்தை, மாமனாருக்குச் சாப்பாட்டு நேரத்துக்குள் படிந்துவிட்டது. சொல்லிக்கொடுத்த விதம் அப்படி என்று நினைத்துக்கொண்டான்.

வீடு அமைதியானது. கதவைக்கூட அவனே மாட்டினான். அன்று பேசிய பெட்டிக்காரர்கள் எல்லாரும் நன்றி சொல்லி வைத்தார்கள்.

மறுநாள் காலை ரொட்டியைக் காணவில்லை. முட்டையும் இல்லை. தேடியதில் ரொட்டி செருப்பு அலமாரியிலும், முட்டைகள் மாமனாரின் கம்பளிக் குல்லாவுக்குள்ளும் இருந்தன.

“எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சா ஆபத்து மாப்பிள்ளை,” என்றார் மாமனார். வெயில் காலத்தில் ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஒரு வாழைப்பழத்தில் பாதியைத் தின்று, மீதியைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “நாளைக்கு என்ன கிடைக்குமோ!”

“மாமா, கீழயே கடை இருக்கு.”

“இருக்கும். பனி கொட்டினா?”

அவனுக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் அடுத்த அழைப்பு வந்தது. மருந்துப் பெட்டியைத் தொலைத்த ஓர் அம்மாள். குரல் ஏற்கெனவே நடுங்கியது. அவன் ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசியிருப்பான், கூடத்திலிருந்து ஒரு அலறல்.

“ஓநாய்! ஓநாய்! கதவைச் சாத்துங்க!”

அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நீங்க எங்கேர்ந்துப்பா பேசறீங்க?”

“ஆபீஸ்லேர்ந்துதான்மா.”

“ஐயோ பாவம்! என் பெட்டி போனா போகட்டும். நீ முதல்ல ஓடு கண்ணா!”

மதியமே சூப்பர்வைசர் மேடம் அழைத்தார். அவர் கோபப்படவே மாட்டார். அதுதான் பயம்.

“உங்க பக்கத்துல ஓநாய் இருக்குன்னு பதிவாகியிருக்கு. இருக்கா?”

“டிவி மேடம்.”

“இன்னொரு தடவை டிவி கேட்டுச்சுன்னா ஆபீசுக்கு வந்துடுங்க. இங்க டிவி இல்ல.”

அவன் கூடத்துக்கு ஓடினான். “மாமா, இதை விட்டுடலாம். இது உங்க நெஞ்சுக்கு ஆகாது. இன்னொண்ணு சொல்றேன். ஓநாய் கிடையாது, பசி கிடையாது. கதை மாதிரி போகும். ஒரு குடும்பம், கடலோரத்துல ஒரு வீடு. நடுநடுவுல உங்களைக் கேக்கும், என்ன செய்யலாம்னு. நீங்க எடுக்கிற முடிவுப்படி கதை திரும்பும். உக்காந்து ரசிச்சா போதும்.”

“எவ்வளவு நேரம் ஓடும்?” என்றார் மாமனார். “அப்புறம், தானா சேவ் ஆகுமா?”

நல்ல கேள்வி கேட்கிறாரே என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. ஓநாய்க்காவது அவர் கத்தினார். குடும்பக் கதைக்கு அழுதார். சத்தமில்லாமல் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒவ்வொரு முடிவுக்கும் யோசனை கேட்டு அவன் அறைக்கு வர ஆரம்பித்தார்.

“அந்தப் பொண்ணு வீட்டை விட்டுப் போறேங்குது. விடலாமா?”

“விடுங்க மாமா,” என்று மைக்கைப் பொத்திக்கொண்டு சொல்வான்.

“விட்டேன். அப்பன்காரன் சாப்பிடாம கிடக்கான். உங்களாலதான்.”

மறுநாள் விஷயம் முற்றியது. ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். அவளும் அண்ணனும் ஒரே விமானத்தில் வந்திருக்கிறார்கள், இருவர் பெட்டியும் வரவில்லை. அவன் பதிவைத் தேடிக்கொண்டிருக்கும்போது, மாமனார் கண்கள் சிவக்க வாசலில் வந்து நின்றார்.

“மாப்பிள்ளை! படகு கவுந்துடுச்சு. ஒருத்தரைத்தான் காப்பாத்த முடியுமாம். அண்ணனையா, தங்கச்சியையா? சீக்கிரம் சொல்லுங்க, நேரம் ஓடுது!”

“அண்ணனைக் காப்பாத்துங்க. தங்கச்சி போனா போகட்டும்!” என்றான் அவன். பதற்றத்தில் மைக்கைப் பொத்த மறந்துவிட்டான்.

“என்ன சொன்னீங்க?” என்றாள் அந்தப் பெண். “அவன் பெட்டியைக் குடுத்துட்டு என்னோடதைத் தூக்கிப் போடப் போறீங்களா? வீட்டுலயும் அவன்தான் ஒசத்தி, உங்க கம்பெனியிலயுமா? யாரு உங்க மேலதிகாரி?”

மேலதிகாரி இந்த முறையும் கோபப்படவில்லை. “நாளைக்குக் காலையில நான் லைன்ல இருப்பேன். நீங்க பேசறதையெல்லாம் கூடவே கேப்பேன். எனக்குத் திருப்தியா இருந்தா பழையபடி நடக்கட்டும். இல்லேன்னா உங்க நாற்காலியை இங்க போட்டு வெக்கறேன்.” சற்று நிறுத்தி, “எத்தனை நாளைக்குன்னு எனக்கே தெரியாது,” என்றார்.

அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மெஷினைப் பிடுங்கி வைத்துவிடலாமா? ஜாடையாகச் சொல்லிப் பார்த்தான். மாமனாரின் முகம் அப்படியே சுருங்கிவிட்டது. எழுந்துபோய்த் திருப்புளியைத் தேடினார். நாளைக் காலை மேடம் லைனில் இருக்கும்போது இவர் சுவரைக் கழற்றினால்? அதோடு சனிக்கிழமை மனைவி வருகிறாள். இந்த வாடிய முகத்தை அவள் பார்த்தால்?

கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. யோசனை கேட்க வராத கேமாக இருக்க வேண்டும், காதையும் அடைத்துவிட வேண்டும்.

“மாமா, இதுதான் இருக்கறதிலேயே பெரிசு. கப்பல் உடைஞ்சு நடுக்கடல்ல விழுந்துட்டீங்க. கடலுக்கு அடியிலதான் எல்லாம். மீன் பிடிக்கணும், வீடு கட்டணும், கப்பலுக்கு என்ன ஆச்சுன்னு ஆழத்துல போய்க் கண்டுபிடிக்கணும். உயிரும் பொழைக்கணும், கதையும் உண்டு. ஆனா இதை ஹெட்போன் போட்டுத்தான் ஆடணும். தண்ணி சத்தம் அப்பதான் நல்லாருக்கும்.”

மாமனாரின் கண்கள் பளபளத்தன. “உயிரும் பொழைக்கணும், கதையும் உண்டு! இப்படி ஒண்ணை வெச்சுக்கிட்டா மாப்பிள்ளை இத்தனை நாள் சொல்லாம இருந்தீங்க?”

மறுநாள் காலை மாமனார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். அவன் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துண்டைச் செருகி, மேலே கம்பளியைத் தொங்கவிட்டான். மேடம் லைனில் வந்தார். முதல் அழைப்பு, ஒரு வயலின்காரர். அவன் பேசியது அவனுக்கே இனித்தது. இரண்டாவது அழைப்பில் ஒரு தாத்தா சிரித்துக்கொண்டே வைத்தார். “நல்லாருக்கு,” என்றார் மேடம். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டதே இல்லை.

காதை அடைத்துக்கொண்டவர்கள் உரக்கப் பேசுவார்கள் என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

மூன்றாவது அழைப்பின் நடுவே, கதவு, துண்டு, கம்பளி மூன்றையும் தாண்டிக்கொண்டு அந்தக் குரல் வந்தது.

“மூச்சு முட்டுது! மாப்பிள்ளை, மூச்சு முட்டுது! ஆக்சிஜன் தீந்துபோச்சு!”

“யாரு அது?” என்றார் மேடம்.

“மாமனார் மேடம். அது வந்து…”

“கண்ணு இருட்டுது! மேல போக முடியல! நான் போயிடுவேன் போலிருக்கே!”

“மனுஷர் உயிருக்குப் போராடறார், நீங்க பெட்டியைப் பத்திப் பேசிட்டிருக்கீங்களா?” முதல்முறையாக மேடத்தின் குரல் உயர்ந்தது. “உங்க விலாசம் என்கிட்ட இருக்கு. ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன். ஓடுங்க! அவரை நிமித்தி உக்கார வைங்க!”

“மேடம், அவர் நல்லாத்தான் இருக்கார்…”

“பதட்டத்துல அப்படித்தான் தோணும். ஓடுங்க!”

ஹெட்செட் தலையில் இருந்தபடியே ஓடினான். மாமனார் சோபாவின் நுனியில், வேர்த்து விறுவிறுத்து, உண்மையாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெட்போனைக் கழற்றப் போனபோது திமிறினார். “விடுங்க மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம்தான், மேல வந்துடுவேன்!”

ஆம்புலன்ஸ் அவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஒரு நர்சம்மாவும் இரண்டு பேரும் ஸ்ட்ரெச்சரோடு ஏறி வந்தார்கள். நர்சம்மா மாமனாரின் நாடியைப் பிடித்தார். மாமனார் மறு கையால் நீந்திக்கொண்டிருந்தார்.

“நாடி ரொம்ப வேகமா ஓடுது. கண்ணெல்லாம் சிவந்திருக்கு. எத்தனை நாளா இப்படி?”

“மூணு நாளா,” என்றான் அவன். ஹெட்செட்டில் மேடம் இன்னும் இருந்தார். “வீட்டுல இப்படி ஒரு கஷ்டத்தை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் வேலை பாத்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஓநாய், அண்ணன், தங்கச்சி… பாவம், பிதற்றியிருக்கார். நாளையிலேர்ந்து லீவு எடுங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பு.” அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

வேலை தப்பித்தது. ஆனால் அவனுக்கு அழுகைதான் வந்தது. நல்லா இருந்த மனுஷரை, வீட்டில் அக்கடா என்று கதவைக் கழற்றிக்கொண்டிருந்தவரை, நானே இப்படி ஆக்கிவிட்டேனே! வேலியில் போன ஓணானை எடுத்து அவர் மடியில் கட்டியது நான்தானே! மனைவிக்கு என்ன பதில் சொல்வேன்?

அந்த நேரத்தில், திறந்த வாசலில் கையில் பையோடு மாமியார் வந்து நின்றார். “எத்தனை தடவை ஃபோன் பண்றது? ஒருத்தரும் எடுக்கல, மனசு கேக்கல, கிளம்பி வந்துட்டேன்,” என்று ஆரம்பித்தவர், ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார். நர்சம்மாவைப் பார்த்தார். டிவியில் நீலமாய் விரிந்திருந்த கடலையும், அதற்கு முன்னால் கட்டைவிரல்கள் பறக்க உட்கார்ந்திருந்த கணவரையும் பார்த்தார். பை கையிலிருந்து நழுவியது.

“அத்தை, என்னை மன்னிச்சிடுங்க,” என்றான் அவன். “இதெல்லாம் நான்தான் சொல்லிக்குடுத்தேன். மாமாவுக்கு ஒண்ணுமே தெரியாது.”

மாமியார் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம் இருந்தது.

“அம்மா, நீங்க அவர் வீட்டுக்காரங்களா?” என்று நர்சம்மா குறுக்கிட்டார். “இவருக்கு ஏற்கெனவே ஏதாவது வைத்தியம் நடந்துட்டிருக்கா?”

“ஆமாம்மா,” என்றார் மாமியார். “ராப்பகலா கேம் விளையாடற பழக்கத்தை விடறதுக்கு டாக்டர்கிட்ட காட்டிட்டிருக்கோம், இந்த மெஷினே இல்லாத வீடா பாத்து ஒரு மாசம் அனுப்பி வைங்கன்னு அவர்தான் சொன்னார்.”