இரும்பு என்ன ஆளு?

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கத்துக்கு வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுங்கை பாக்காப்புக்கு அப்பால், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது எங்கள் துப்பாக்கி சுடும் மைதானம். வழக்கமாக இருபது பேர் வருவோம். அன்று அறுபது காடிகள்! எங்கள் ஊரில் காருக்கு அதுதான் பெயர். வக்கீல், பல் டாக்டர், பாலம் தாண்டித் தீவிலிருந்து நகைக்கடைக்காரர்கள். எல்லார் கையிலும் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். இன்னொரு கையில் துப்பாக்கி. காய்ச்சல் கண்ட பிள்ளையை டாக்டரிடம் தூக்கி வந்தவர்கள் போல மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

எதற்கு? சுடுவதற்கா? சேச்சே. துப்பாக்கிக்கு ஜாதகம் பார்ப்பதற்கு!

பார்ப்பவர் பெயர் ஆயுதஸ்ரீ ரமணி சுவாமிகள். சூலியா தெருவில் ஒரு பணமாற்றுக் கடையின் மேல்மாடியில் அவர் ஆசிரமம். ஆயுதஸ்ரீ ஆவதற்கு முன் காடிகளுக்கு ராசியான எண் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கும் முன் தண்ணீர் வடிகட்டி விற்றார். அதில் வடிகட்டிய கசடையெல்லாம் எங்கே கொட்டினார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

நான் இந்தச் சங்கத்தின் செயலாளர். கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். பெயரைச் சொல்ல மாட்டேன். காரணம் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியும்.

எங்கள் விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நாங்கள் சுடுவது களிமண் புறாவை. பெயர்தான் புறா. உண்மையில் அது உள்ளங்கை அகலத்தில் ஒரு ஆரஞ்சு நிறத் தட்டு. ஆங்கிலத்தில் "புல்!", அதாவது இழு, என்று கத்தினால் இயந்திரம் அதை வானத்தில் வீசும். சுட வேண்டும். இருபத்தைந்து தட்டு ஓர் ஆட்டம். எத்தனை உடைத்தாய் என்பதுதான் கேள்வி. ஆனால் எங்கள் சங்கத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எந்த ஊர்த் துப்பாக்கி என்றுதான் கேட்பார்கள். இத்தாலி என்றால் நாற்காலி போடுவார்கள். ஜப்பான் என்றால் தலையாட்டுவார்கள். துருக்கி என்றால், "பசியாறியாச்சா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

எங்கள் தலைவர் டத்தோ புவனேஸ்வரன், கட்டட கான்ட்ராக்டர். டத்தோ என்பது அரசாங்கம் கொடுத்த பட்டம். அவருடையது இத்தாலித் துப்பாக்கி. பக்கவாட்டில் வெள்ளித் தகடு, அதில் நான்கு வாத்துகள் பறக்கிற மாதிரி செதுக்கியிருக்கும். அந்த வாத்துகளுக்கு டத்தோவால் ஒரு ஆபத்தும் வந்ததில்லை. தட்டுகளுக்கும் அப்படித்தான். இருபத்தைந்துக்கு ஒன்பது உடைத்தால் அன்று எல்லாருக்கும் டீ வாங்கித் தருவார்.

ரமணி சுவாமி முதல் நாளே எழுந்து நின்று பேசினார்.

"மனுசன்ல வம்சம் இருக்கிற மாதிரி இரும்புலயும் இருக்கு. உத்தமம், மத்திமம், அதமம். பொறப்புலயே வர்றது. தேய்ச்சாலும் போவாது, எண்ண போட்டாலும் மாறாது. அதம இரும்பு பக்கத்துல இருந்தா உத்தம இரும்போட சக்தி ஒடுங்கிப் போயிடும். நான் துப்பாக்கியப் பாக்கவே வேண்டியதில்ல. இரும்பே என்கிட்ட பேசும்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. டத்தோதான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். இருக்காதா? மகள் தனுஜாவுக்கு இரண்டு வருடமாக மாப்பிள்ளை தேடுகிறார். வருகிற ஒவ்வொரு வரனிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன ஆளு?" மனிதனுக்கு இருந்தது போதாதென்று இரும்புக்கும் வந்துவிட்டதே, அந்த ஆனந்தம் அவருக்கு.

சுவாமியின் முறை சுலபம். சிவப்புப் பட்டு நூலில் ஒரு செப்புக் குண்டு. அதைத் துப்பாக்கிக் குழாய்க்கு மேலே பிடிப்பார். குண்டு வலமாகச் சுற்றினால் உத்தமம். முன்னும் பின்னும் ஆடினால் மத்திமம். இடமாகச் சுற்றினால் அதமம். டத்தோவின் துப்பாக்கிக்கு மேலே அது காற்றாடி மாதிரி வலமாகச் சுற்றியது. டத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் பட்டம் வாங்கிய நாளில்கூட அவர் அழவில்லை. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

என்னுடையதும் இத்தாலிதான். வங்கிக் கடனில் வாங்கியது. உத்தமம் என்றார், ஆனால் முன்பிறவியில் ஒரு முயலின் சாபம் இருக்கிறதாம். துப்பாக்கிக்கு முன்பிறவி! நான் சிரித்தேனா? இல்லை. சாபம் தீர அவரிடமே 388 வெள்ளி ரொக்கம் கொடுத்துச் செப்பு வளையம் வாங்கித் துப்பாக்கிக்கு மாட்டினேன். அது என் மனைவிக்குத் தெரியாது. பெயரை மறைத்ததற்குக் காரணம் இதுதான்.

இனி குணவதி.

தீவில், பாயான் பாரு என்ற இடத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் மேற்பார்வையாளர். வயது நாற்பத்தொன்று. மூன்று வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் பாலம் தாண்டி வருவாள். அவள் துப்பாக்கி துருக்கி. கறுப்பு பிளாஸ்டிக் கட்டை, வாத்து இல்லை, வெள்ளி இல்லை. பழைய துப்பாக்கியாகத்தான் வாங்கியிருந்தாள். அதை வைத்துக்கொண்டு இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு உடைப்பாள். இந்த வருடம் தேசியப் போட்டிக்கு எங்கள் சங்கம் ஐந்து பேரை அனுப்பலாம். பட்டியலில் மூன்றாவது பெயர் குணவதி. வாழ்க்கையில் முதல் தடவை. பட்டியலைக் கைப்பேசியில் படம் பிடித்துத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறாள்.

சுவாமி அவள் துப்பாக்கிக்கு மேல் குண்டைப் பிடித்தார். கறுப்பு பிளாஸ்டிக்கை ஒருமுறை பார்த்தார். டத்தோவின் முகத்தை ஒருமுறை பார்த்தார். குண்டு இடமாகச் சுற்றியது.

"அதமம்! இது போற எடத்துல கூடப் போற நாலு துப்பாக்கியும் ஊமையாயிடும்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் துப்பாக்கியை எங்கள் அலமாரியில் வைக்கக் கூடாது. துடைப்பமும் வாளியும் இருக்கிற அறையில் ஒரு தனி இரும்புப் பெட்டி. உத்தம இரும்புக்காரர்கள் மட்டுமே போட்டிக்குப் போகலாம் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. பட்டியலில் இருந்து குணவதியின் பெயரை அடித்தார்கள். அடித்தது என் பேனா. பிடித்திருந்தது என் கை. வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

"வேற துப்பாக்கி வாங்கிக்கலாமேம்மா" என்றார் டத்தோ, பெரிய மனதோடு. "இத்தாலியா பாத்து."

"அந்தக் காசுக்கு ஒரு காடி வாங்கலாம் டத்தோ" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. கோபத்தில். காடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விலகிவிடுவாள் என்றே நாங்கள் நினைத்தோம்.

விலகவில்லை. அடுத்த மாதம் பொதுக்கூட்டத்துக்கு வந்தாள். அவள் காடியின் கூரையில் டியூப் லைட் வரும் நீளமான அட்டைப் பெட்டிகள் ஆறு கட்டியிருந்தன. கூட்டம் தொடங்கியதும் எழுந்தாள்.

"செயலாளர் அண்ணே, சாமி மொத நாளு பேசுனத குறிப்புல எழுதுனீங்கல்ல? கடைசி வரிய படிங்க."

படித்தேன். துப்பாக்கியைப் பார்க்கவே வேண்டியதில்லை. இரும்பே பேசும்.

"சாமி, நீங்க சொன்னதுதானே?"

"சொன்னதுதான்" என்றார் சுவாமி, தாடியைத் தடவிக்கொண்டே. அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இல்லை என்றா சொல்வார்?

"அப்போ பெட்டிக்குள்ள வச்சா கேக்கும்ல? எங்க ஃபேக்டரியில அப்படித்தான். சரக்கு எந்த கம்பெனின்னு ஸ்டிக்கர மறைச்சிட்டுத்தான் சோதிப்போம். பேக் பண்றவங்க சோதிக்கிறவங்க பக்கத்துல நிக்கவே கூடாது. மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவாங்க."

"சாமியையே சோதிக்கிறியா?" என்று பல் டாக்டர் எகிறினார். டத்தோ கையமர்த்தினார். "வச்சுப் பாக்கட்டும்லா. நம்ம சாமிக்கு என்ன பயம்?"

சுவாமியின் முகத்தில் இருந்த பயத்தை டத்தோ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

எங்கள் மைதானப் பாதுகாப்பு அதிகாரி ஹைருல், டத்தோவுடையது, என்னுடையது, குணவதியுடையது, இன்னும் இரண்டு என்று ஐந்து துப்பாக்கிகளை வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். "கோசோங்! கோசோங்!" என்று ஐந்து முறை சத்தம் போட்டான். தோட்டா இல்லை, காலி என்று அர்த்தம். பிறகு தனியாகக் கேண்டீனை ஒட்டிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். போகும் முன் குணவதி சொன்னாள்: "அஞ்சு துப்பாக்கி, ஆறு பெட்டி. ஆறாவதுல உனக்குத் தோணுற இரும்பு எதையாச்சும் வை. எதுன்னு என்கிட்டயும் சொல்லாத."

பெட்டிகள் மூடி, எண் போட்டு, மேசைக்கு வந்தன. தூக்கி வந்தவர்களுக்கும் உள்ளே என்னவென்று தெரியாது. ஹைருல் வெளியே வெயிலில் போய் நின்றுகொண்டான்.

சுவாமி குண்டைத் தூக்கினார். முதல் பெட்டி. எங்கள் முகங்களைப் பார்த்தார். எங்கள் முகத்தில் ஒன்றும் இல்லை. எங்களுக்கே தெரியாதே! டத்தோவைப் பார்த்தார். டத்தோ பக்தியோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார். அதுவும் உதவவில்லை. குண்டு தயங்கித் தயங்கி வலமாகச் சுற்றியது.

"உத்தமம். இத்தாலி மண்ணு வாசம் வருது."

"ரெண்டு, மத்திமம். மூணு, மத்திமம்." வியர்வை தாடியில் சொட்டியது. நான்காவது பெட்டியில் குண்டு இடமாகச் சுற்றியது. "அதமம்! இத என் பக்கத்துலயே வைக்காதீங்க. வாளிகிட்ட கொண்டு போங்க!"

ஐந்து, உத்தமம் என்றார். ஆறாவதுக்குப் போகும்போது கேண்டீன் கதவு திறந்தது. சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அப்துல் அஜீஸ் பாய்தான் எங்கள் கேண்டீனையும் நடத்துகிறார். தோளில் துண்டு, முகத்தில் கோபம்.

"யாராச்சும் என் கரண்டியப் பாத்தீங்களா? பெரிய இரும்புக் கரண்டி. மீன் கறி அடிப்புடிக்குதுங்க!"

"உஷ்! சாமி இரும்போட பேசிட்டிருக்காரு" என்று டத்தோ விரட்டினார். பாய் முணுமுணுத்துக்கொண்டே ஓரமாக நின்றார்.

ஆறாவது பெட்டி. சுவாமிக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. கடைசியையாவது கம்பீரமாக முடிக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். குண்டு சுற்றியது பாருங்கள், வலமாக, வட்டமாக, நூல் அறுந்துவிடும்போல!

"ஆகா! இது உத்தமத்துக்கும் மேல. ராஜ வம்சம்! ஒரு மகாராஜா கையில இருந்த இரும்பு இது!"

ஹைருலைக் கூப்பிட்டார்கள். பெட்டிகளைத் திறந்தான்.

முதல் பெட்டியில் இருந்து இத்தாலி மண்வாசனையோடு வெளியே வந்தது குணவதியின் கறுப்பு பிளாஸ்டிக் துருக்கி. இரண்டாவதில் முயல் சாபத்தோடு என்னுடையது; உத்தமம் ஒரே மாதத்தில் மத்திமமாகிவிட்டது. வாளிப் பக்கம் போகச் சொன்ன நான்காவதைத் திறந்தபோது நான்கு வாத்துகள் எங்களைப் பார்த்தன. டத்தோ வாயைத் திறந்தார். மூட மறந்துவிட்டார்.

ஆறாவது பெட்டியில் கரண்டி.

"அட, இங்க இருக்கு!" என்று பாய் பாய்ந்து எடுத்தார். "மகாராஜா கையில இல்ல சாமி, காலைல வரைக்கும் என் கையிலதான் இருந்துச்சு. நேத்து இதுல சாம்பார் கிண்டுனேன்."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. கூரைத் தகரம் அதிர்ந்தது.

"பெட்டி! அட்டைப் பெட்டி மறைச்சிருச்சு!" என்று கத்தினார் சுவாமி. "அதோட இன்னைக்கு அமாவாசை!"

"என் துப்பாக்கிய அதமம்னு சொன்னீங்களே, அன்னைக்கும் அமாவாசைதான். காலண்டர் எங்கிட்ட இருக்கு" என்றாள் குணவதி. "சரி, பெட்டி வேணாம்."

டத்தோவின் துப்பாக்கியை மேசைமேல் வெளிப்படையாக வைத்தாள். சுவாமியின் கையில் இருந்து நூலை வாங்கினாள். ஸ்டூலில் ஏறி, மேலே விளக்கு தொங்கும் கொக்கியில் கட்டினாள். செப்புக் குண்டு வாத்துகளுக்கு நேர் மேலே இரண்டு ஆட்டம் ஆடியது. நின்றது.

காத்திருந்தோம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டோம். குண்டு அசையவே இல்லை.

"இரும்பு பேசும்னீங்க சாமி. நூலு உங்க விரல்ல இருந்தாத்தான் பேசுது. அப்போ பேசுறது இரும்பா, விரலா?"

திரும்பிப் பார்த்தால் சுவாமியின் நாற்காலியே காலி. வெளியே ஒரு காடி கிளம்பும் சத்தம் கேட்டது. அதன் எண் பலகை ராசியான எண்தான், அவரே பார்த்து வைத்தது. செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் முதல் பள்ளத்திலேயே சக்கரம் இறங்கி நின்றுவிட்டது. எங்கள் பல் டாக்டர்தான் தள்ளிவிடப் போனார். தள்ளுவதற்கு முன் தன் வளையத்துக்குக் கொடுத்த காசை வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது. இந்தத் தடவை யார் கையிலும் தாம்பாளம் இல்லை.

டத்தோ நெடுநேரம் தன் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செயலாளரே, அந்தப் பேர திரும்ப எழுதுங்க" என்றார். எழுதினேன். மூன்றாவது பெயர், குணவதி. அழுத்தி எழுதினேன். அவள் மறுபடியும் படம் பிடித்துக்கொண்டாள். பிறகு, தன் துப்பாக்கியை வாளி அறைக்குக் கொண்டு போகாமல் எங்கள் அலமாரியின் நட்டநடுவில், டத்தோவின் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எந்தத் துப்பாக்கியும் ஊமையாகவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் டத்தோ தன் காடியில் என்னைத் தீவுக்கு அழைத்துப் போனார். வழியெல்லாம் சுவாமியைத் திட்டிக்கொண்டே வந்தார். "இரும்புல என்ன செயலாளரே உசந்தது தாழ்ந்தது? எல்லாம் மண்ணுல இருந்து வந்ததுதானே! நம்மள என்னா முட்டாளாக்கிட்டான் பாருங்க!" என்றார். எனக்கும் மனது குளிர்ந்தது. பரவாயில்லையே, இவ்வளவு சீக்கிரம் தெளிந்துவிட்டாரே என்று நினைத்தேன்.

டோல் சாவடி கண்ணில் படும் நேரத்தில் குரலைத் தாழ்த்தினார்.

"அப்புறம், நம்ம தனுஜாவுக்கு ஒரு வரன் வந்திருக்கு. பையன் பேரு குகன். டாக்டரு. தங்கமான புள்ளையாம், தனுஜாவுக்கும் புடிச்சிருக்கு. இந்த சாமிகிட்டதான் ஜாதகத்தோட குடுத்து விசாரிக்கலாம்னு இருந்தேன். இப்போ அந்தாளு இல்ல. நீங்க கொஞ்சம் விசாரிங்களேன். பையன் என்ன ஆளு?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"குணவதிகிட்ட அந்த ஆறு பெட்டியும் இன்னும் இருக்கு டத்தோ. பையனை உள்ள வச்சு மூடுவோம். பக்கத்துப் பெட்டியில நீங்க படுத்துக்குங்க. வெளியே இருந்து யாராச்சும் எது எதுன்னு சொல்லட்டும்."

டத்தோ பாலம் முழுக்க, அந்தக் கரை வரும் வரைக்கும், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். யோசிக்கிறார் போலிருக்கிறது.

யோசிக்கட்டும். பாலம் ஏறத்தான் டோல். யோசிப்பதற்கு ஒரு காசு கிடையாது. ஆனாலும் நாம்தான் எந்த நாளும் அந்தப் பக்கம் காடியைத் திருப்புவதே இல்லை.