தட்டிப்பார்ப்பவர்

தட்டிப்பார்ப்பவர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்கும் தெரியும். புது நாற்காலி ஆடாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் நம்பாமல், முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி, அது ஆடத் தொடங்கிய பிறகே நிம்மதியாக எழுந்திருப்பார்களே, அவர்கள்தான்.

இந்த இனத்தின் மாமன்னர் ஒரு வெல்டிங் பட்டறை முதலாளி. செங்கல் சூளையில் மண் பிசையும் இயந்திரத்தின் கத்திகள் தேய்ந்து வரும். அவற்றின் மேல் வெல்டிங்கில் உலோகப் பூச்சு போட்டு, உலையில் சுட்டு இறுக்கிக் கொடுப்பது தொழில். பூச்சு போடுவதும் சுடுவதும் அவர் மனைவியின் தம்பி. முதலாளிக்கு ஒரே வேலைதான். நம்பாமலிருப்பது.

அன்றைக்குச் சூளைக்காரம்மாவே வந்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். பட்டறைக்கு வாய்த்த ஒரே பெரிய வாடிக்கை.

"நாலு கத்தியும் இப்பவே வேணும். இல்லைன்னா வேற பட்டறை பாத்துக்கறேன்."

மைத்துனன் ஆறிய கத்தியின் மேல் அரத்தை இழுத்தான். அரம் வழுக்கியது, ஒரு கீறல்கூட இல்லை.

"நல்லா இறுகிடுச்சு மாமா, இனி தேயாது. வண்டியில ஏத்தலாம்."

"அவசரப்படாதே."

அவசரப்படாமல் மூன்று அரங்களைத் தேய்த்து மழுக்கினார். திருப்தி வந்ததா? எப்படி வரும்? காதை வைத்து விரலால் தட்டினார். டங் என்றது. டங் என்பது நல்ல சத்தமா, கெட்ட சத்தமா? அந்தச் சந்தேகத்தில் சம்மட்டியை ஓங்கிவிட்டார்.

"வேணாம் மாமா! தேயாதுன்னுதான் சொன்னேன், உடையாதுன்னு நான் சொல்லவே இல்லையே!"

படார். பூச்சு சில்லுச் சில்லாகத் தெறித்தது.

அத்தோடு விட்டாரா? இது ஒன்றுதான் இப்படியா, எல்லாமே இப்படியா என்று தெரிய வேண்டாமா? படார், படார், படார். எல்லாமே இப்படித்தான்.

சூளைக்காரம்மா முக்காலியிலிருந்து எழுந்தார். நான்கு கத்திகளையும் பொறுக்கி வண்டியில் போடச் சொல்லி, எதிர்ப்பட்டறைக்கு ஓட்டச் சொன்னார். மைத்துனன் தலையில் கை வைத்துக்கொண்டான். முதலாளியோ வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவன் தோளில் கை போட்டார்.

"நல்லவேளைடா, தட்டிப் பாத்தேன். இல்லைன்னா இதை அப்படியே கொடுத்துத் தொலைச்சிருப்போம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரிடம் "எம்மேல கோவமா? நிஜமா இல்லையா?" என்று ஏழு தடவை கேட்டு, எட்டாவது தடவையில் கோபத்தை வரவழைத்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்" என்றது யார்?