பூட்டாத கதவும் நாலு தொழிலும்

எனக்கு எதிலும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாது. அந்தக் கொழுப்பில் ஒருத்தியைக் கொன்றிருக்கிறேன். (பயப்படாதீர்கள், விளையாட்டில்தான்.)

காக்களூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த காலம். ஞாயிறு மதியம் மணவாள நகரில், கூட வேலை பார்த்த பாபுவின் அறையில் கூடுவோம். பாபு கதை சொல்வான். நாங்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி, இருபது பக்கப் பகடையை உருட்டி, விழுகிற எண்ணை நம்பிப் பூதங்களோடு மல்லுக்கு நிற்போம். நடுவில் மசால் வடை. அந்த மதியத்துக்காகவே வாரம் முழுக்க வேலைக்குப் போனேன்.

ஆட்டத்தில் ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் நம் பாத்திரம் பழைய தொழிலிலேயே தேறலாம், அல்லது புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். குவாலிட்டி செக்‌ஷன் தேவி, நாலு லெவலும் ஒழுங்காகப் போர்வீராங்கனை. நானோ வீரன், மந்திரவாதி, திருடன், வைத்தியன் என்று நாலிலும் ஒவ்வொரு லெவல். மூன்று மெஷின் ஓட்டத் தெரிந்தவனைத்தான் எங்கள் சூப்பர்வைசர் கொண்டாடுவார். பூதமும் அப்படியே மதிக்கும் என்று நினைத்துவிட்டேன்.

தேவிக்குக் கும்மிடிப்பூண்டிக்கு மாற்றல் வந்தது. மெட்ராஸ் போய் ரயில் மாற வேண்டிய ஊர். இனி ஞாயிறு ஆட்டம் கிடையாது. இரண்டு வருஷம் வளர்த்த வீராங்கனையைக் கடைசி ஆட்டத்தில் உயிரோடு ஊர் சேர்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. எனக்கு அவள்மீதே ஆசை. (சொல்லத்தான் தைரியமில்லை.)

பூதம் அடித்த அடியில் அவளுடைய வீராங்கனை விழுந்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மந்திரம் போடுகிறேன் என்றேன். வீரனாக மாட்டிய இரும்புக் கவசத்தோடு மந்திரம் பலிக்காது என்றான் பாபு. கத்தியை வீசினேன்; பூதம் சொறிந்துகொண்டது. சரி, வைத்தியம் பண்ணுகிறேன் என்றேன்.

“அத்தத்தான் காலைலயே யூஸ் பண்ணிக்கினியேடா,” என்றான்.

என் லெவலுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு வைத்தியம். கதைப்படி அன்று காலை, ஒரு கதவைக் கள்ளத்தனமாகத் திறக்கப் போய் விஷ முள் குத்திய என் விரலுக்கே அதைச் செலவழித்திருந்தேன். அந்தக் கதவு பூட்டியே இருக்கவில்லை.

வீராங்கனை செத்துப்போனாள். நான், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கையில் கடித்த வடையோடு அழுதேன்.

“இன்னாபா, செத்தது நானு. நீ ஏன் அழுவுற?” என்றாள் தேவி.

அழுகையோடு அழுகையாக, உண்மைக் காரணத்தை எல்லோர் முன்னாலும் உளறிவிட்டேன். பாபு சங்கடத்தில் எழுந்து வெளியே போய்விட்டான், தன் அறையிலிருந்தே.

கல்யாணமாகிப் பத்து வருஷமாகிறது. போயும் போயும் அப்பாவை ஏம்மா கட்டிக்கினே என்று மகள் கேட்கும்போதெல்லாம் தேவி சொல்லும் பதில், சொந்தபந்தம் முழுக்கப் பிரசித்தம்.

“வெளிய உட்டா வேற யாரையாவது சாவடிச்சிடுவாரு. நான்தான் ஏற்கெனவே செத்துட்டேனே.”