கோதுமை மாவின்மேல் உங்கள் பிள்ளை படுத்தது பற்றி

மல்காஜ்கிரி, ஹைதராபாத்,
ஞாயிற்றுக்கிழமை.

அரக்கோணத்தில் இருந்துகொண்டே எங்கள் வீட்டையும் நடத்திவரும் பெருமதிப்புக்குரிய அத்தை அவர்களுக்கு,

மருமகள் அஸ்வினி விழுந்து வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் பிள்ளையும் உங்கள் பேத்தி சாஹித்யாவும் உயிரோடு இருக்கிறோம். நலமா என்பதை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். அங்கே மாமாவின் முழங்காலும் உங்கள் குரலும் எப்படி இருக்கின்றன? குரல் நன்றாகத்தான் இருக்கிறது, இன்று காலையும் கேட்டேன். கடிதம் எழுதக் காரணமே அதுதான். ஃபோனில் நான் "அத்தை" என்று ஆரம்பித்தால் "அதான் சொன்னேனே" என்று நீங்கள் முடித்துவிடுகிறீர்கள். காகிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

போன வாரம் பாப்பாவை மாரெட்பள்ளிக்குத் தடுப்பூசி போடத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் நஸ்ரின் நம்ம ஆம்பூர்க்காரர், வாய் நிறையத் தமிழ். பாப்பா எங்கே தூங்குகிறாள் என்று கேட்டார். "எங்க நடுவுல" என்று உங்கள் பிள்ளை பெருமையாகச் சொன்னார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "ஒரே ரூம் சரி, ஒரே கட்டில் வேணாம். அவளுக்குத் தனியா ஒரு குட்டிக் கட்டில், கெட்டியான மெத்தை, மல்லாக்கப் போடுங்க. தலகாணி, ரஜாய் மாதிரி கனமான போர்வை, பொம்மை ஒண்ணும் உள்ள இருக்கக் கூடாது. தூக்கத்துல நீங்க ஒரு கைய மேல போட்டாக்கூட அவளால தள்ள முடியாது, கத்தவும் முடியாது" என்றார். உங்கள் பிள்ளை விடுவாரா? "டாக்டர், எங்கம்மா நாலு பேரை அப்படித்தான் வளத்தாங்க" என்றார். டாக்டர் அவரைத் தலையிலிருந்து தொப்பை வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். "அப்ப உங்கம்மா பக்கத்துல நீங்க படுத்தீங்க. இப்ப உங்க பக்கத்துல பாப்பா படுக்கணும். ரெண்டும் ஒண்ணா?"

வீட்டுக்கு வந்ததும் உங்கள் ஃபோன். "தனியா படுக்க வச்சா கொழந்த பயந்துக்கும்மா! நடுவுல போட்டு ரெண்டு பக்கமும் தலகாணி அண்டக் குடு!" என்றீர்கள். அம்மா பலம் கிடைத்ததும் இவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "நான் பொரளவே மாட்டேன் அஸ்வினி, போட்ட எடத்துல போட்டபடி கெடப்பேன்" என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அத்தை, கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கட்டிலில் எனக்குக் கிடைப்பது, அன்ரிசர்வ்டு பெட்டியில் கடைசியாக ஏறினவளுக்குக் கிடைக்கிற இடம்தான். கை ஜன்னலோரம், கால் சுவரோரம், மிச்சமெல்லாம் உங்கள் பிள்ளை.

கீழ்வீட்டு ஆரோக்கியமேரி ஆன்ட்டியிடம் போய்ப் புலம்பினேன். இங்கேயே ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், அவர் தமிழில் பாதி ஹைதராபாத். "நக்கோ மா, நடுவுல போடவே போடாதே" என்றார். "வாயால சொன்னா ஆம்பளைக்கு ஏறாது, செஞ்சு காமி. எங்க பேரன் வளந்துட்டான், அவன் கட்டில் சும்மா கெடக்கு, தூக்கிட்டுப் போ." கம்பி போட்ட குட்டிக் கட்டில் அப்படித்தான் வந்தது.

செய்து காட்டுவது எப்படி என்ற யோசனை மட்டும் என்னுடையது. பாப்பாவின் எடை ஐந்து கிலோ. கடையில் கோதுமை மாவு பாக்கெட்டும் ஐந்து கிலோ. பாக்கெட்டுக்குப் பாப்பாவின் பூப்போட்ட ஜுப்பாவை மாட்டி, குல்லா வைத்து, கட்டிலின் நடுவில் படுக்க வைத்தேன். பாப்பா என் பக்கம் குட்டிக் கட்டிலில். இவர் மாவுப் பாக்கெட்டின் கன்னத்தைக் கிள்ளி, "மூக்கு மட்டும் எங்க குடும்பம். காலையில பாரு, இவ மேல ஒரு சுருக்கம் இருக்காது" என்று சிரித்துவிட்டுப் படுத்தார். படுத்ததும் குறட்டை. பாக்கெட்டுக்கு இந்தப் பக்கம் நானும் படுத்தேன்.

காலையில் பால் பாக்கெட் போடுகிற சத்தத்தில் எழுந்தேன். உங்கள் பிள்ளை குப்புறக் கிடந்தார். புருவம்வரை வெள்ளை. ஃபேன் காற்றில் அறை முழுக்க மாவு பறந்துகொண்டிருந்தது. குல்லா தரையில். அவருடைய வயிற்றுக்கு அடியிலிருந்து ஜுப்பாவின் ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நன்றாகச் சிரித்து மானத்தை வாங்க வேண்டும் என்று காத்திருந்தவள்தான் நான். "என்னங்க!" என்று கத்தினேன். அவர் கண்ணைத் திறந்தார், அந்தக் கையைப் பார்த்தார். தூக்கக் கலக்கத்தில் மாவும் நினைவில்லை, சோதனையும் நினைவில்லை. "பாப்பா! அஸ்வினி, பாப்பா!" என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. ஜுப்பாவை இழுத்தார், மாவு கொட்டியது. அப்போதும் நம்பவில்லை. குட்டிக் கட்டிலுக்குத் தவழ்ந்து போய், பாப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். விரலில் இருந்த மாவுக்கு அவள் தும்மினாள். இவர் அழுதுவிட்டார், அத்தை. கண்ணீரும் மாவும் சேர்ந்து கன்னத்தில் சப்பாத்திப் பதத்துக்கு வந்துவிட்டது. "எனக்கு ஒண்ணுமே தெரியல அஸ்வினி. அடியில ஒண்ணு இருக்குன்னுகூடத் தெரியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அது முடிந்ததென்று பார்த்தால் அடுத்தது ஆரம்பித்துவிட்டது. நாச்சாரம் பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற ஆள் இல்லையா, இப்போது அந்த உத்தியோகத்தை வீட்டிலும் பார்க்கிறார். பாப்பாவின் மெத்தையைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார். கூட வேலை செய்கிற சக்ரபாணி ஆசையாக ஒரு கரடி பொம்மை வாங்கிவந்தார். வாசலிலேயே இவர் அவருக்கு வகுப்பு எடுத்து, பொம்மையைப் பீரோமேல் ஏற்றிவிட்டார். நேற்று மத்தியானம் சோஃபாவில் பால் கொடுத்துக்கொண்டே எனக்குக் கண் சொருகியது. காதருகே படீரென்று கைதட்டி, "சோஃபால கண்ண மூடாத, அது கட்டிலவிட மோசம்னு டாக்டருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டேன்!" என்று பாப்பாவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆகையால் அத்தை, பாப்பாவுக்கென்று நீங்கள் தைத்துக்கொண்டிருக்கும் இலவம்பஞ்சுத் தலையணையை மாமாவின் முழங்காலுக்குக் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் வரும்போது பேத்தியின் கட்டில் பக்கத்திலேயே உங்களுக்குப் படுக்கை போடுகிறேன். கம்பி வழியாக விரலை நீட்டினால் பிடித்துக்கொள்கிறாள், விடமாட்டாள். இன்னொன்று, உங்கள் தேவராஜ் தூக்கத்தில் புரளும் பிள்ளை என்பதை நம் குடும்பம் இனிமேலாவது ஒப்புக்கொள்ள வேண்டும். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். எனக்குக் கோழித் தூக்கம். பெற்றவளுக்குத் தூக்கத்திலும் பிள்ளை இருக்கிற இடம் தெரியும்.

மாமாவுக்கு என் நமஸ்காரம். உங்கள் ஆசீர்வாதமும் குரலும் எங்களை எப்போதும் எட்டிக்கொண்டே இருக்கட்டும்.

உங்கள் அன்பு மருமகள்,
அஸ்வினி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. "ஒரு சாம்பிளை வச்சு ரிப்போர்ட் எழுத முடியாது" என்று இவர் நேற்று ராத்திரி நான் தூங்கினபிறகு புதுப் பாக்கெட் ஒன்றை நடுவில் போட்டு, அலமாரிமேல் செல்ஃபோனை ஓட விட்டிருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை, காலையில் நான் எழுமுன் பாக்கெட்டையும் எடுத்து வைத்துவிட்டார். சற்றுமுன் காட்டினார். உங்கள் பிள்ளை போட்ட இடத்தில் போட்டபடிதான் கிடக்கிறார். நான்தான் பாக்கெட்டை அணைத்து, தட்டிக்கொடுத்து, அதன்மேல் ஏறிப் படுத்து, பிறகு முழங்காலால் அவருக்கு அடியில் தள்ளிவிட்டு, போர்வையை இழுத்து மூடுகிறேன். முகத்தில் அப்படி ஒரு தாய்ப்பாசம். பாப்பாவை யார் பக்கத்திலும் போடக் கூடாது என்பது மட்டும் இன்னும் உறுதியாகிவிட்டது. மற்றபடி மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். வீடியோவைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். மாமா அதற்குள் கைதட்டியிருக்கிறார்.