மயிலிறகு எழுத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை

அன்று தென்காசியில் உவைஸின் அச்சகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்த நம்பிராஜன், அவர் மனைவி வடிவாம்பாள், முதலாளி உவைஸ், கணினிக்கு முன்னால் சாஜிதா. வராதவர் ஒருவர்: வடிவாம்பாளின் அண்ணன் தளவாய், ஓய்வு பெற்ற ஏட்டு. நம்பிராஜனுக்கு அந்த ஒருவரால்தான் தலைவலி.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் தளவாயின் மீசையைப் பார்த்து, அவர்தான் பெண்ணின் அப்பா என்று மாலையைப் போட்டுவிட்டார்கள். பத்திரிகையிலாவது தன் பெயர் தனித்துத் தெரிய வேண்டும் என்று நம்பிராஜன் அன்றே முடிவு கட்டினார். தாய்மாமன் பெயரை விட முடியாது. விட்டால் கல்யாணமே நடக்காது. ஆனால் யாரும் படிக்க முடியாதபடி போடலாமே!

சாஜிதா திரையில் ஒரு எழுத்து வகையைக் காட்டினாள். மயிலிறகால் எழுதியதுபோல் அத்தனை மெல்லிசு. ஒவ்வொரு சுழியும் சாரல்போலக் காற்றில் மிதந்தது.

"இது தலைப்புக்கு மட்டும் போடுத எழுத்து அண்ணாச்சி. பொடிசாப் போட்டா கண்ணுக்கே தெரியாது," என்றார் உவைஸ்.

அதுதானே வேண்டும்!

"என்ன அழகு! சொந்தக்காரங்க பேரையெல்லாம் இதுல போடுங்க. தங்கக் கலர்ல. என் பேரு மட்டும் தடியா இருக்கட்டும். எனக்கு எதுக்கு அழகு?"

வடிவாம்பாள் திரையைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"பொண்ணைப் பெத்தவுக பேரு மட்டும் மொத்தையா இருந்தா ஊரு சிரிக்காதா? ஏட்டி சாஜிதா, பத்திரிகை முழுக்க இதுலயே போடு."

"முழுக்கவா? வேண்டாம் வடிவு..."

"ஏன்? இப்பதானே அழகுன்னு சொன்னிய?"

நம்பிராஜன் முன்பணத்தை எண்ணி வைத்தார். முந்நூறு பத்திரிகை அச்சாகி வந்தது.

முதல் வீடு மேலகரத்தில், முத்துராமலிங்கம் வீடு. அவர் பத்திரிகையைக் கிட்டே வைத்துப் பார்த்தார். எட்டப் பிடித்துப் பார்த்தார். செல்போன் வெளிச்சம் அடித்தும் பார்த்தார்.

"கல்யாணம் என்னைக்கு? எந்த மண்டபம்? இது தமிழா, மலையாளமா?"

"வாசிச்சுத்தான் காட்டணும்ணே," என்றாள் வடிவாம்பாள். "இவுக குரல் பக்கத்து இலைக்கே கேக்காது. எங்க அண்ணன் நேத்தே மனப்பாடம் பண்ணிட்டாரு."

வாசலில் பைக் நின்றது. தளவாய் உள்ளே வந்து, அணிவகுப்பில் நிற்பதுபோல் விறைத்து நின்று, மூன்று தெருவுக்குக் கேட்க முழங்கினார்: "தாய்மாமன், தளவாய், ஏட்டு, ஓய்வு!" கேட்காதவர்களுக்காக இன்னொரு தடவை. பெண்ணின் அப்பா பெயர் வரும்போது மட்டும் அவருக்கு இருமல் வந்தது.

முத்துராமலிங்கத்தின் மருமகள் நம்பிராஜன் நீட்டிய தட்டிலிருந்து குங்குமம் எடுத்துக்கொண்டே கேட்டாள்: "தட்டு வச்சிருக்கவுக யாரு?"

வீடு வீடாக இதே கதைதான். பதினோராம் நாள் சாயங்காலம் குற்றாலத்தில் நம்பிராஜன் கால் வலியோடு உட்கார்ந்துவிட்டார்.

"வடிவு, மிச்சத்தைத் தபால்ல அனுப்பிருவோமா?"

"தபால்காரர் வாசிச்சுக் காட்டுவாரா?"

அடுத்த வாசலில் தளவாய் தொண்டையைச் செருமுவது கேட்டது. நம்பிராஜன் பையைத் திறந்து, இரண்டு முறை எண்ணினார். மீதம் நூற்று நாற்பத்தொன்று.