உப்புத் தட்டில் கொட்டிய சர்க்கரை

பள்ளிக்கூடத்துக்கு உதவி செய்ய வருகிற பெற்றோரை விட, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் பெற்றோரே கல்விக்கு அதிகம் தொண்டு செய்கிறார்கள். இதை நான் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

2005-ஆம் ஆண்டு. மரக்காணத்தில் பங்குக் கோயிலை ஒட்டிய ஒரு சின்னப் பள்ளியில் என் மகள் இலக்கியா எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். படித்தாள் என்பது ஒரு மரியாதைக்கு. சிலேட்டைக் கண்டால் அழுவாள். பல்பத்தைக் கையில் கொடுத்தால் கடிப்பாள் (பாதியைத் தின்றும் விடுவாள்). அவள் எழுதப் படிக்காமலே வளர்ந்து, கல்யாணப் பதிவில் கைநாட்டு வைப்பது போல எனக்கு அடிக்கடி கனவு வரும்.

அவளை எழுத வைத்தவர் ஜெசிந்தா மிஸ். சிலேட்டுகளை ஓரங்கட்டிவிட்டு, எவர்சில்வர் தட்டுகளில் உப்பைப் பரப்பி, விரலால் எழுதச் சொன்னார். எழுத்து கோணலாகப் போனால் தட்டை லேசாக ஆட்டினால் போதும், தப்பு மறைந்துவிடும். (என் அலுவலகத்தில் இந்த வசதி இல்லை.) இதையே மணலில் செய்திருந்தால் எங்கள் பிள்ளைகள் அதை ஒருவர் தலையில் ஒருவர் போட்டிருப்பார்கள். உப்பை அப்படிச் செய்ய மாட்டார்கள். பாதிப் பேர் உப்பள வீட்டுப் பிள்ளைகள்; உப்பைச் சிந்தினால் முதுகில் ஒன்று விழும் என்பதை நடக்கப் பழகும்போதே தெரிந்துகொண்டவர்கள். அதனால் பூசை நேரம் போல அமைதியாக உட்கார்ந்து எழுதுவார்கள். இலக்கியா முதல் 'அ' போட்டது அந்தத் தட்டில்தான்.

தலைமை ஆசிரியையான சிஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. "சாப்பிடற பொருள்ல என்ன விளையாட்டு?" என்பார். சுற்று வட்டாரப் பள்ளிகளின் சிறு வகுப்பு ஆசிரியைகள் ஒருவர் பள்ளிக்கு ஒருவர் போய்ப் பார்த்து, நல்லதாக ஏதாவது கண்ணில் பட்டால் தங்கள் பள்ளிக்கு எடுத்துப்போவது என்று அப்போது ஓர் ஏற்பாடு தொடங்கியிருந்தது. முதலில் எங்கள் பள்ளி. சிஸ்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: வருகிறவர்கள் மெச்சினால் தட்டு இருக்கும், சிரித்தால் மறுநாளே சிலேட்டு.

சிலேட்டு என்றால் மறுபடி அழுகை, மறுபடி கைநாட்டுக் கனவு. எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அவர்கள் வரும் நாளன்று காலையிலேயே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குழந்தையை விடப் போன என்னிடம் ஜெசிந்தா மிஸ், "சார், நான் பஸ் ஸ்டாப்புக்குப் போய் அவங்களக் கூட்டிட்டு வந்துடறேன். நீங்க தட்டை மட்டும் எடுத்து வச்சிடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுக் குடையோடு போனார். தட்டை மட்டும் என்று தெளிவாகத்தான் சொன்னார். நான் உப்பு வாளியையும் திறந்து பார்த்தேன். ஈரக் காற்றில் உப்பு நீர்விட்டுச் சேறாகக் கிடந்தது. விரலால் ஓர் 'அ' போட்டேன். கண் முன்னே கரைந்து மூடிக்கொண்டது. இலக்கியாவின் எதிர்காலமே கரைந்த மாதிரி இருந்தது.

(அலமாரியில் ஒரு டப்பா நிறைய, இதற்கென்றே வெயிலில் காய வைத்த உப்பு இருந்ததாம். கொஞ்ச நேரம் காத்திருந்தால் தெரிந்திருக்கும்.)

டி.வி.எஸ். 50-ஐ வீட்டுக்கு விரட்டினேன். என் மனைவி வசந்தா முறுக்கு மாவு அரைக்க மெஷினுக்குப் போயிருந்தாள். அடுக்களையில் தீபாவளிப் பலகாரத்துக்கு வாங்கிய சர்க்கரை ஒரு தூக்கு நிறைய இருந்தது. வெள்ளையாக, காய்ந்து, பொலபொலவென்று. பார்க்க உப்பேதான். அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

கீழ்புத்துப்பட்டிலிருந்தும் கோட்டக்குப்பத்திலிருந்தும் ஆசிரியைகள் வந்து குழந்தைகளின் குட்டி பெஞ்சுகளில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தட்டுகளில் சர்க்கரையைப் பரப்பி முடித்திருந்த நான், மழையைச் சாக்காக வைத்துக் கடைசியில் நின்றேன்.

"கண்ணுங்களா, 'அ' எழுதலாமா?" என்றார் ஜெசிந்தா மிஸ்.

முன் வரிசையில் மாரி, உப்பளத்தில் வேலை செய்பவரின் மகன், தட்டில் விரலை வைத்தான். எடுத்துவிட்டான்.

"மிஸ், இது உப்பு இல்ல."

"உப்புதான்டா. எழுது."

"இல்ல மிஸ். எங்கப்பா உப்பு குத்தும். இது குத்தல." விரலை வாயில் வைத்தான். அவன் கண்கள் விரிந்தன. "டேய்! சக்கரடா!"

அவ்வளவுதான். பூசை முடிந்து சந்தை தொடங்கியது. சிலர் விரலால், சிலர் கையால், ஒருத்தி நேராக நாக்கால். சிஸ்டரின் முகம் சிவந்தது. ஜெசிந்தா மிஸ் தட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சார்?"

"மழை, மிஸ்..." என்றேன். (என் தரப்பு வாதம் முழுவதும் இதுதான்.)

விருந்தினர் வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. இதோ சிலேட்டு வந்துவிட்டது என்று நினைத்தேன். ஜெசிந்தா மிஸ் கையைத் தட்டினார். "எல்லாரும் கேளுங்க! யார் எழுதறாங்களோ, அவங்க எழுதின எழுத்தை மட்டும் சாப்பிடலாம்!"

வகுப்பு கப்பென்று அடங்கியது. எல்லா விரலும் எழுதத் தொடங்கியது. மாரி, "மிஸ், 'ஆ' போட்டா? அது பெருசு" என்றான். எந்த எழுத்தில் சர்க்கரை அதிகம் என்று பிள்ளைகள் ஆராய ஆரம்பித்தார்கள். அதுவரை 'ஈ'யைத் தாண்டாத என் மகள் எழுந்து நின்றாள்.

"மிஸ், எனக்கு ஔ."

சுவரில் இருந்த எழுத்துப் படத்தைப் பார்த்துப் பார்த்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, தட்டு முழுக்க ஓர் ஔ போட்டாள். போட்டு, சாப்பிட்டாள்.

"மாஷா அல்லாஹ்! இந்த ஐடியா நமக்குத் தோணலையே மிஸ்!" என்றார் கோட்டக்குப்பம் ஷகிலா டீச்சர். மற்றவர்களும் கை தட்டினார்கள். "உப்புலதான் எழுத வைப்போம்..." என்று ஜெசிந்தா மிஸ் தொடங்கியது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. சிஸ்டர் பாராட்டை மறுக்கிறவர் அல்ல. தட்டுகள் தங்கின. எனக்கு மட்டும் ஓர் உத்தரவு வந்தது: "சார், நீங்க இனிமே கேட் வரைக்கும் வந்தா போதும்."

மறுநாள் உப்பில் எழுதிவிட்டு முந்தின நாள் பழக்கத்தில் விரலை வாயில் வைத்த மாரி, "மிஸ், நேத்து போட்ட உப்பையே போடுங்க" என்று கேட்டானாம். எங்கள் வீட்டில் அந்தத் தீபாவளிக்கு முறுக்கு மட்டும்தான்.

தீபாவளி முடிந்ததும் சிஸ்டர் என்னைக் கேட்டிலேயே பிடித்தார். "கோட்டக்குப்பத்துலருந்து போன் வந்துச்சு. பிள்ளைங்கள்லாம் நல்லா எழுதறாங்களாம். எறும்புக்கு நாம என்ன பண்றோம்னு கேக்கறாங்க. நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க."

காய வைத்த உப்பை ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு போய், நடந்ததைச் சொன்னேன். ஷகிலா டீச்சர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உப்பா? எங்க பிள்ளைங்க ஔ வரைக்கும் வந்துட்டாங்களே சார். இனிமே உப்புக்கு எழுதுவாங்களா?"

இலக்கியா இப்போது வேலைக்குப் போகிறாள். நான் சர்க்கரை டப்பா பக்கம் போனாலே வசந்தா உள்ளே இருந்து குரல் கொடுப்பாள்: "டீச்சருங்க யாராவது வர்றாங்களாங்க?"

போன தீபாவளிக்குப் பலகாரம் செய்கையில் தாம்பாளத்தில் கொஞ்சம் சர்க்கரை சிந்தியது. இலக்கியா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விரலை வைத்து நிதானமாக எழுதினாள். எட்டிப் பார்த்தேன்.

ஔ.