சாவிப் பலகையும் இருநூறு வாளிகளும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் எங்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே நலமாக இருப்பீர்கள், ஏனென்றால் உங்கள் மகள் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். குறையாகச் சொல்லவில்லை. தங்கமான பெண். ஆனால் தங்கத்தையும் ஒரு நாள் முழுக்கத் தலையில் சுமந்தால் கழுத்து வலிக்கும் அல்லவா, அந்த வலியில் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கேட்டு, தலைமை எழுத்தராக இருந்த பழக்கத்தில் எண்ணும் போட்டிருக்கிறீர்கள். ஒன்று, மாநாடு எப்படி நடந்தது. இரண்டு, கண் எப்படி இருக்கிறது. இரண்டாவதை முதலில் சொல்கிறேன், அது சின்ன விஷயம். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இடது கண் அதைப் பார்த்துத் தானும் கற்றுக்கொண்டு வருகிறது. டாக்டர் இரண்டு வருஷமாகச் சொல்கிறார். போன மாதம் சொல்லும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் தள்ளிப் போட்டீங்கன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்றார். அறுத்துக்கொள்ள எனக்கு ஒன்றும் பயமில்லை. அதன் பிறகு பத்து நாள் குனியக்கூடாதாம், தூசியில் நிற்கக்கூடாதாம். பிளாஸ்டிக் சாமான் கடையில் குனிவதும் தூசியும்தானே தொழில். பத்து நாள் கதவு மூடிக் கிடந்தால் பதினோராம் நாள் வாடிக்கைக்காரர் இன்னொரு கடையில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். உங்கள் மாப்பிள்ளையை ஒரே ஒரு நாள் உட்கார வைத்துப் பார்த்தேன். பேரம் பேச வந்த முதல் ஆளிடம், "நீங்களே ஒரு விலை சொல்லுங்க" என்றிருக்கிறான். அன்றோடு சாவிக்கொத்தை மறுபடி என் பெல்ட்டில் கோத்துக்கொண்டேன். அந்த ஒரு நாளைத் தவிர இருபத்தாறு வருஷமாக அது வேறு இடுப்பில் தொங்கியதில்லை.

இனி மாநாடு. உங்கள் மகளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "கூட்டம் போடுகிற வேலை" என்று சொல்லி வந்தேன். அவள் திருத்தினாள். "கூட்டம் போடுறது இல்ல மாமா, வட்டார மாநாட்ட வடிவமைக்கிறது. பேசிட்டுக் கலையறதுக்குப் பேரு கூட்டம். எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறம் என்ன நடக்குதோ அதுதான் மாநாடு." அப்படியானால் நேராக வீட்டுக்கே போய்விடலாமே என்றேன், அதை அவள் குறித்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை நாலு ஊர்ச் சிறு கடைக்காரர்கள் நூற்று நாற்பது பேர். விஷயம் என்னவென்றால், ஒரு கடைக்காரர் நோய் என்று படுத்தால் இன்னொருவர் அவர் கடையைத் திறந்து, வியாபாரம் பார்த்து, சாயங்காலம் பூட்டிக் கொடுக்க வேண்டும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பெண்டாட்டியிடம் சாவியைக் கொடுக்கும்போதே எண்ணிக் கொடுக்கிற ஆட்கள் நாங்கள். ஆனாலும் வரவேற்புக் குழுத் தலைவராக இருங்கள் என்றாள். தலைவர் என்றால் மேடையில் உட்காரலாம் என்று ஒப்புக்கொண்டேன். பிறகுதான் மேடையே கிடையாது என்றாள். மாலை, துண்டு, வரவேற்புரை, நன்றியுரை எதுவும் கிடையாதாம். எல்லோரும் வட்டம் வட்டமாக ஆறு ஆறு பேராக உட்கார வேண்டுமாம். இருபத்து நாலு வட்டம், வட்டத்துக்கு ஒரு தலைவர்கூட இல்லை. அப்புறம் நான் எதற்குத் தலைவர் என்று கேட்டதற்கு, "நாற்காலி வந்துச்சான்னு பாக்கறதுக்கு மாமா" என்றாள்.

நாற்காலி வரவில்லை சம்பந்தி. அன்று காலை பள்ளிக்கூடத்துப் பெரிய கூடத்தில் நூற்று நாற்பது பேர் வந்து நிற்கிறார்கள், தரையில் சுண்ணாம்பால் வரைந்த இருபத்து நாலு வட்டம் இருக்கிறது, உட்கார ஒன்றுமில்லை. நாற்காலி வாடகைக்காரரைத் தேடினால் அவர் நெஞ்சில் பிரதிநிதி அட்டையைக் குத்திக்கொண்டு மூன்றாவது வட்டத்துக்குள் நிற்கிறார். "நாற்காலி எங்கய்யா?" என்றேன். "கிடங்குல இருக்கு." "அப்ப அனுப்ப வேண்டியதுதானே?" "அனுப்புறதுக்கு யாரு இருக்கா? நான்தான் இங்க வந்துட்டேனே, சாவி என்கிட்டல்ல இருக்கு" என்று பையைத் தட்டிக் காட்டுகிறார். அவர் ஊர் இரண்டு மணி நேரப் பயணம். சரி, பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளையாவது எடுக்கலாம் என்றால் பெஞ்சுகள் வகுப்பறைக்குள்ளே, வகுப்பறைச் சாவி தலைமையாசிரியரிடம், தலைமையாசிரியர் வெளியூரில். உங்கள் மகள் அழுவாள் என்று பார்த்தேன். அவள் நாற்காலிக்காரரை ஏதோ பரிசு வாங்கி வந்தவரைப் போலப் பார்த்து, "இதையே எல்லார் முன்னாடியும் ஒரு தடவ சொல்றீங்களாண்ணே?" என்று கேட்டாள்.

நான் வியாபாரி, நின்றுகொண்டு யோசிக்கிறவனல்ல. வண்டியை எடுத்துக்கொண்டு என் கிடங்குக்குப் போய் இருநூறு வாளிகளை ஏற்றி வந்து கவிழ்த்துப் போட்டேன். "யானையே உக்காந்தாலும் ஒண்ணும் ஆகாது, தைரியமா உக்காருங்க" என்று நாலு ஊருக்கும் கேட்கச் சொன்னேன். நல்ல விளம்பரம் என்றும் ஒரு எண்ணம் இருந்தது, மறைப்பானேன். ஐந்தாவது வட்டத்தில் எடைமேடைக்காரர் உட்கார்ந்தார். லாரியை எடை போட்டுப் போட்டு அவரும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குக்கு வந்துவிட்டவர். படார் என்று ஒரு சத்தம். மனிதர் வாளிக்குள், வாளி நாலு துண்டு. கூடமே திரும்பிப் பார்த்தது. அப்போது எதிர்க்கடைக்காரர் (நியாயஸ்தர், வார்த்தையை அளந்து பேசுபவர்) "எங்க கடை வாளியா இருந்தா நசுங்கியிருக்கும், உடைஞ்சிருக்காது" என்றார். நூற்று நாற்பது பேரும் சிரித்தார்கள். எடைமேடைக்காரரும் உள்ளேயிருந்தபடி சிரித்தார். யாரும் யாருக்கும் பழக்கமில்லாமல் விறைத்து நின்ற கூட்டம் அந்தச் சிரிப்பில்தான் இளகியது என்று உங்கள் மகள் பிறகு அறிக்கையில் எழுதினாள். அதற்காக நானா என் சரக்கை உடைக்க வேண்டும்?

எதிர்க்கடைக்காரர் யார் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எவர்சில்வர் பாத்திரக் கடை. பதினோரு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. என் வாளியில் தண்ணீர் வைத்தால் டயர் வாடை வரும் என்று ஒரு வாடிக்கைக்காரரிடம் சொன்னவர். பதிலுக்கு நான், அவர் பாத்திரத்தின் கைப்பிடி வாசலைத் தாண்டும் முன்பே கழன்றுவிடும் என்று சொன்னேன் (கைப்பிடிக்குப் பத்து வருஷ உத்தரவாதம் உண்டு). குலுக்கலோ என்னவோ, இப்பேர்ப்பட்டவரை எனக்கு ஜோடியாகப் போட்டார்கள். ஒருவர் அட்டையில் இருக்கும் கேள்வியைப் படிக்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும், படித்தவர் ஐந்து நிமிஷம் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும். என் கல்யாணத்தன்றுகூட நான் ஐந்து நிமிஷம் வாயை மூடியவனல்ல.

அட்டை என் கைக்கு வந்தது. எனக்கு வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. கண் விஷயம் இவருக்குத் தெரிந்தால் நாளைக்குத் தெரு முழுக்கத் தெரியுமே என்று, "வியாபாரம் எப்படிப் போகுதுன்னு கேட்டிருக்கு" என்று ஒரு போடு போட்டேன்.

"அட்டையத் திருப்புங்க. இந்தப் பக்கம் ஒண்ணுமே எழுதல" என்றார்.

அவரே வாங்கிப் படித்தார். "உங்கள் கடை பத்து நாள் திறக்கவில்லை என்றால் அதை முதலில் கவனிப்பவர் யார்?" படித்துவிட்டு, "இதுல யோசிக்க என்ன இருக்கு? நான்தான்" என்றார்.

"நீங்க எதுக்கு என் கடையக் கவனிக்கணும்?"

"எதிர்ல உக்காந்துக்கிட்டு வேற எதப் பாக்கறது? காலைல எட்டு பத்துக்குத் திறப்பீங்க. ரெண்டாவது பூட்டு சிக்கும், செருப்பக் கழட்டி ஒரு தட்டு தட்டுவீங்க. ஆறு மாசமா சாவித் துவாரத்த விரலால தடவித் தேடுறீங்க. போன வாரம் பச்சை மூடி கேட்ட அம்மாவுக்கு நீல மூடியக் குடுத்துட்டு, திரும்பி வந்து கேட்டவங்களோட சண்டை வேற போட்டீங்க. கண்ணுல புரைன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லலியா?"

"நமக்குள்ளதான் பேச்சு இல்லியே" என்றார்.

மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள், இவர் எழவில்லை. என்னவென்று கேட்டால் உதட்டை அசைக்காமல், "முட்டி" என்கிறார். "ஒரு வருஷமா உயரமான ஸ்டூலத் தவிர எதுலயும் உக்கார்றதில்ல. உங்க வாளி இவ்வளவு குட்டையா இருக்கும்னு யாரு கண்டா? சத்தம் போடாமத் தூக்கி விடுங்க." இரண்டு கையையும் அக்குளுக்குள் விட்டுத் தூக்கினேன், அவர் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டார், அந்த நேரம் பார்த்துப் புகைப்படக்காரர் வந்து சேர்ந்தார். மாநாட்டு அறிக்கையின் அட்டையில் இப்போது அந்தப் படம்தான் இருக்கிறது. கீழே, "நெடுநாள் போட்டியாளர்கள் நெகிழ்ந்து தழுவிய தருணம்" என்று போட்டிருக்கிறது. நெகிழ்ச்சியும் இல்லை ஒன்றும் இல்லை. ஆள் நல்ல கனம் (இதில் மிகை உண்டு).

கடைசி நிகழ்ச்சிதான் உச்சம். சுவரில் கொக்கிகள் அடித்த ஒரு பெரிய பலகையை மாட்டி அதற்குச் சாவிப் பலகை என்று பெயர் வைத்திருந்தாள். ஒவ்வொருவரும் தங்கள் கடையின் மாற்றுச் சாவியை, யாரை நம்பிக் கொடுக்கிறார்களோ அவர் பெயரை எழுதிக் கட்டி, அதில் மாட்ட வேண்டும். முன்கூட்டியே கடிதம் போட்டு எல்லோரையும் சாவி கொண்டு வரச் சொல்லியிருந்தாள். எண்பத்தேழு பேர் மாட்டினார்கள். உங்கள் மகள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், அது எனக்கே தெரிந்தது. அப்போதுதான் பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருவர் தொழில் ஆசையில் பலகையை நெருங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இது பழைய பீரோ சாவி. இது சைக்கிள் பூட்டு. இது பெட்டிச் சாவி. இந்தப் பூட்டு செய்யறத நிறுத்தியே பதினைஞ்சு வருஷமாச்சு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போனார். எண்பத்தேழில் கடைச் சாவி நாலே நாலு. நான் மாட்டியது எங்கள் பழைய வீட்டு மாடிக் கதவின் சாவி. அந்த மாடியை இடித்து எத்தனையோ வருஷமாகிறது.

உங்கள் மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பேன். வண்டியில் வரும்போது, "இல்லாத கதவுக்காவது சாவி கொண்டு வந்தாங்களே மாமா. நாலு உண்மையான சாவி கிடைச்சிருக்கு, அதுல நாற்காலிக்காரரோடது ஒண்ணு" என்றாள். குலுக்கலில் எப்படி எனக்கும் எதிர்க்கடைக்கும் ஜோடி விழுந்தது என்று கேட்டேன். "குலுக்கலா? உங்க ரெண்டு பேருக்காகத்தான் மாமா வட்டத்தையே வரைஞ்சேன்" என்றாள். பலகையைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில், நான் காலையில் முகம் கழுவும் இடத்துக்கு எதிரே மாட்டிவிட்டாள். தினமும் பல் தேய்க்கும்போது என் மாடிச் சாவி என்னைப் பார்க்கிறது. அலுத்துவிட்டது சம்பந்தி. எனக்கு வயது அறுபத்து மூன்று. இந்த வயதில் நான் வடிவமைக்கப்படத் தயாராக இல்லை.

ஆகவே தங்களிடம் ஒரே விண்ணப்பம். பெற்ற தகப்பன் என்ற முறையில் மகளுக்கு நாலு வரி எழுதுங்கள். இந்த மாநாட்டு வேலை போதும், ஒரு ஆபீஸில் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரன் சாவியைக் கைமாற்றுவது நடக்கிற காரியமில்லை. என் சாவி என் இடுப்பில் இருக்கிறது, அங்கேயேதான் இருக்கும்.

உங்கள் வீட்டு விளக்கு குறையாமல் எரியட்டும், சம்பந்தியம்மாவின் இருமல் விரைவில் அடங்கட்டும், பேரன் பேத்தி சத்தம் நம் இரண்டு வீட்டிலும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
மரியாதை குறையாத, பொறுமை தீர்ந்துபோன,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: நான் சொல்லச் சொல்ல இதை உங்கள் மகள் எழுதுகிறாள். மேலே இருக்கும் கையெழுத்து என்னுடையதல்ல என்பதைத் தலைமை எழுத்தரான தாங்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறது. அறுத்து இன்றோடு ஆறு நாள். மேலே உள்ளதை நான் சொல்லச் சொல்ல எழுதியவர் எதிர்க்கடைக்காரர். மதியம் இரண்டு கடையையும் பூட்டிவிட்டு வந்து எழுதினார். உங்கள் மகள் உறையில் போடும் முன் படித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது, அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் அவர் சொந்தச் சரக்கு. திருத்தி எழுதச் சொன்னதற்குக் கை வலிக்கிறது என்றார். என் சாவி இடுப்பில் இருப்பதாகச் சொன்னது பழக்க தோஷம். அதைச் சொல்லும்போது அவர் ஏன் இருமினார் என்று இப்போது புரிகிறது, ஏனென்றால் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலை பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தெருவைக் கடந்து நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "ரெண்டாவது பூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டா செருப்பு தேவப்படாது" என்று மட்டும் சொன்னார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு இரண்டு கடைக்கும் நடுவே தினம் இருபது தடவை நடக்கிறாராம். அடுத்த மாதம் அவர் முட்டிக்கு அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும், மூன்று வாரம் படுக்கை என்று அவர் டாக்டர் சொல்லியாயிற்று. "அதுக்கென்ன, சாவியக் குடுங்க, உங்க கடைய நான் பாத்துக்கறேன்" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்கிறார். ஆகையால் மகளுக்கு மேலே கேட்ட நாலு வரியை எழுத வேண்டாம். அடுத்த மாநாட்டை வருஷம் முடியும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே, உங்கள் ஊரிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன். நாற்காலிக்கு யாரும் ஏற்பாடு செய்ய வேண்டாம். வாளி நான் கொண்டு வருகிறேன். எதிர்க்கடைக்காரருக்கென்று இருப்பதிலேயே குட்டையாக ஒன்று பார்த்து எடுத்து வைக்கப் போகிறேன், சாவி கைக்கு வராமல் தூக்கிவிட மாட்டேன்.